குச்சியின் நிழல் எந்தப் பக்கம்?

கேள்வி சரிபார்க்கும் குழுவில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டீர்களா, பயந்தீர்களா என்று தெரியவில்லை. பயந்திருந்தால் நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கான அறிவியல் கேள்விதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் அந்த மேசைக்கு வராமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது.

நான் பிறவியிலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இந்தக் குணத்தால்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு கேள்வியில் சறுக்கினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். என் பணிக்காலத்தின் நல்ல கதைகள் எல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். இதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது இது. நகரத்துத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவாக ஆண்டுத் தேர்வு வைத்தார்கள். ஆசிரியர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளைச் சலித்தெடுக்க எங்கள் நால்வரை உட்கார வைத்தார்கள். எங்கள் தலைவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பாதிப் பேர் பிரான்சில் இருந்தார்கள். கோபம் வந்தால் தமிழ், சந்தோஷம் வந்தால் பிரெஞ்சு. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மேசை நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் நால்வரும் விடைக்குறிப்பைப் பார்க்காமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், விடையை ஒரு சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். அவர் பிரித்துப் பார்ப்பார். நான்கும் ஒன்றாக இருந்தால் "சே போன்" என்பார். சரி, போகலாம் என்று அர்த்தம். ஒரு சீட்டு மாறினாலும் அந்தக் கேள்வி குப்பைக்கூடைக்கு.

பல கேள்விகளை அந்த டப்பா காப்பாற்றியிருக்கிறது. 'முட்டை நீரில் மூழ்குமா, மிதக்குமா' என்று ஒரு கேள்வி வந்தது. மூன்று சீட்டில் மூழ்கும். ஒன்றில் மட்டும், 'உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? முட்டை எப்போது வாங்கியது?' என்று நான் எழுதியிருந்தேன். தலைவர் சிரித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் பாவம் மேடம்" என்றார். ஆனால் கேள்வி கூடைக்குத்தான் போனது. டப்பாவின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது.

ஜனவரியில் அந்தக் கேள்வி வந்தது. நான்காம் வகுப்புக்கு. 'நண்பகலில், வெயிலில் நட்ட குச்சியின் நிழல் எந்தத் திசையில் விழும்? கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு.' நால்வரும் எழுதிப் போட்டோம். பிரித்தார். வடக்கு, வடக்கு, வடக்கு, வடக்கு. சே போன்.

எனக்கு மனம் ஆறவில்லை. என் வழக்கப்படி பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். மணியும் பன்னிரண்டுதான். என் குடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், மண்ணில் நட்டுப் பார்த்தேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல்; அதைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. நிழல் அந்தப் பக்கம் நன்றாக நீளமாக விழுந்திருந்தது. உள்ளே வந்து, "வடக்குதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவு கவனமாகப் பார்த்த கேள்வி இந்தத் தாளிலேயே இது ஒன்றுதான் என்று பெருமை வேறு. கேள்வியின் கீழே என் கையெழுத்து, விடைக்குறிப்பிலும் என் கையெழுத்து.

மார்ச் கடைசியில் தேர்வு நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் விடைத்தாள் திருத்தும் இடத்திலிருந்து ஒரு கட்டு தனியாக வந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதத்தில், 'இருபத்தெட்டுப் பேரும் ஒரே தவறான விடை' என்று எழுதியிருந்தது. நெல்லித்தோப்பில் ஒரு சின்னப் பள்ளி. நான்காம் வகுப்பு முழுவதும், ஒரு பிள்ளை விடாமல், தெற்கு என்று எழுதியிருந்தார்கள். மற்ற கேள்விகளில் ஒருவருக்கொருவர் நிறைய வித்தியாசம். இதில் மட்டும் ஒன்றுபோல.

தேர்வு வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். சரியான விடையைப் பத்துப் பேர் எழுதலாம், ஐம்பது பேர் எழுதலாம். ஒரே தவறை இருபத்தெட்டுப் பேர் எழுதினால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்பின் முடிவை நிறுத்தி வைத்து, பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். வகுப்பாசிரியர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர். தேர்வறையில் விடை சொன்னார் என்று நிரூபணமானால் ஜூன் மாதம் அவருக்கு ஒப்பந்தம் கிடையாது, அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்காது. விசாரித்து எழுத அறிவியல் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று தலைவர் என்னை அனுப்பினார்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் போனேன். நாலு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்கும் பள்ளி. முற்றத்தில் வெயில் விழுவதே உச்சிப் பொழுதில்தான். வாசலில் ஒரு பெண் வழியை மறித்தாள். சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் வேலையாம்.

"எம் பொண்ணு யாரையும் பாத்து எழுதலம்மா. ஷிப்ட்ட வுட்டுட்டு வந்து நிக்கிறேன். எதுவா இருந்தாலும் என்னாண்ட சொல்லுங்க."

"விசாரிக்கத்தாம்மா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.

ஆசிரியருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர் என்றும், வீட்டில் இவர் சம்பளம்தான் என்றும் நான் கேட்காமலே சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஸ்கூல் தொறந்ததும் ஜூன்ல குச்சி நட்டோம் மேடம். ரெண்டு வாரம் டெய்லி பன்னெண்டு மணிக்கு பசங்களே கோடு போட்டாங்க. பெயிண்ட்டாலதான் போட்டோம், அழியாம இருக்கட்டும்னு. அங்க இருக்கு பாருங்க."

சிமெண்ட் தரையில் ஒரு துளை. அதிலிருந்து தெற்கே ஒரு சாண் நீளத்துக்கு நீலக் கோடுகள் நெருக்கமாக இருந்தன.

"தெற்கே எப்படிப்பா விழும்?" என்றேன்.

அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் இப்ப புரியல மேடம். நோட்டீஸ் வந்ததும் மறுபடி நட்டுப் பாத்தேன். வடக்கதான் விழுது. அப்ப நான்தான் திசைய மாத்திச் சொல்லிட்டேன் போல."

பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டேன். அமுதா. வாசலில் நின்ற பெண்ணின் மகள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா தெற்குன்னு எழுதுன?"

"அங்கதான் வுழுந்துச்சு டீச்சர்."

"சார் சொன்னாரா?"

"சார் ஒண்ணும் சொல்லல. நாங்கதான் கோடு போட்டோம்."

"தெற்கு எந்தப் பக்கம்னு தெரியுமா உனக்கு?"

"கடலூர் போற பக்கம்" என்று சரியாகக் கையைக் காட்டினாள்.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அதே துளையில் குச்சியை நடச் சொன்னேன். நிழல் விரல் நீளத்துக்குத்தான் இருந்தது. ஆனால் சந்தேகமில்லாமல் வடக்கே. நான் அவள் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, "பாரு. உன் கண்ணாலயே பாரு. எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன்.

அவள் பார்த்தாள். "இப்ப அப்படித்தான் இருக்கு டீச்சர்" என்றாள்.

'இப்ப' என்று சொன்னாள். ஒன்பது வயதுப் பெண் விடையை என் கையில் வைத்தாள். எனக்கு அதை வாங்கத் தெரியவில்லை. சமாளிக்கிறாள் என்றுதான் தோன்றியது. ஜனவரியில் குடை வடக்கைக் காட்டியது, ஏப்ரலில் குச்சி வடக்கைக் காட்டியது, புத்தகப் படத்திலும் வடக்கு, நான்கு சீட்டிலும் வடக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்? கோடுகளை நோட்டீஸ் வந்த பிறகு வரைந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். 'ஆசிரியர் விடை கூறியிருக்க வாய்ப்புண்டு' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது கையெழுத்து.

மே மாதம். பள்ளிகள் லீவு. ஒப்பந்தப் பட்டியல் மாதக் கடைசியில் முடிவாகும் என்றார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில், உலர்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் தண்ணீர்த் தொட்டி செங்கல் மேடை மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று மத்தியானத்தில் அந்த மேடையின் ஓரத்து நிழலில் படுத்துக்கிடக்கும். படிக்கட்டில் ஏறியதும் கண்ணெதிரே தெரியும் பக்கம் அது, வடக்குப் பக்கம். அன்றைக்குப் பூனையைக் காணோம். துணியை மடித்துக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தால், அந்தப் பக்கம் படுத்திருக்கிறது. தெற்குப் பக்கம். அதன் முதுகை ஒட்டி நிழல் ஓடுகிறது. பூனையின் அகலத்துக்கு நிழல்.

துணியெல்லாம் கீழே விழுந்தது. வெறுங்காலில் நின்றது கூடத் தெரியவில்லை. ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்து நட்டுப் பிடித்தேன். அரைச் சாண் நிழல், தெற்கே. கடலூர் போகிற பக்கம்.

மாடியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். சூரியன் தை மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து வருகிறது. இதை நானே எத்தனை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! நம் ஊருக்கு நேர் மேலே அது வருவது ஏப்ரலின் பின்பாதியில். அன்றைக்கு உச்சியில் நிழலே இருக்காது. அதைத் தாண்டி வடக்கே போய்விட்டால் நிழல் தெற்கே விழும், ஆகஸ்டில் அது திரும்பி வரும் வரைக்கும். ஜூனில் குச்சி நட்ட பிள்ளைகள் தெற்கைப் பார்த்தார்கள். ஜனவரியில் குடை நட்ட நான் வடக்கைப் பார்த்தேன். நான் விசாரிக்கப் போனது, நிழல் பக்கம் மாறுவதற்குப் பத்து நாள் முன்னால். பத்து நாள் பிந்திப் போயிருந்தால் அமுதாவின் முன்னால் நான்தான் தலை குனிந்திருப்பேன்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். சொல்லவில்லை. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்வதில் பிரயோசனமே இல்லை. மூன்று இடத்தில் என் கையெழுத்து. கேள்வி தப்பு என்றால் எல்லாப் பள்ளிக்கும் மதிப்பெண் மாறும், என்னைக் குழுவிலிருந்து எடுப்பார்கள், ஊர் முழுக்கச் சிரிப்பார்கள். வேறு ஏதாவது காரணத்துக்காக அந்தத் தம்பிக்குத் தானாகவே வேலை கிடைத்துவிடாதா என்று கூட வேண்டிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. நாலாம் நாள் பட்டியல் தட்டச்சுக்குப் போகிறது என்று காதில் விழுந்தது. அப்புறம்தான் கால் நகர்ந்தது.

தலைவர் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், நாலு சீட்டும் ஒண்ணாதானே இருந்துச்சு?"

"ஒண்ணாதான் சார் இருந்துச்சு. நாலு பேரும் ஒரே புஸ்தகத்தப் படிச்சவங்க. நம்ம நாலு பேர் ஒரே பதில் எழுதுனா நல்ல கேள்வின்னு சொல்றோம். இருபத்தெட்டுப் பசங்க ஒரே பதில் எழுதுனா காப்பின்னு சொல்றோம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் பையனுக்கு வேலைய குடுத்துடலாம். கேள்விய இப்ப தோண்ட வேணாம். ரிசல்ட் எல்லாம் போயாச்சு" என்றார்.

அது நல்ல வழியாகத்தான் தோன்றியது. என் கையெழுத்துக்கும் பங்கமில்லை, அந்தத் தம்பியும் தப்பித்துவிடுவார். தலையாட்டக்கூடச் செய்தேன். எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்றபோது அமுதாவின் தோளைப் பிடித்துக் குனிய வைத்தது ஞாபகம் வந்தது.

"பன்னெண்டாகப் போவுது சார். ஒரே ஒரு தடவ முற்றத்துக்கு வாங்க."

வேண்டாவெறுப்பாக வந்தார். கொடிக்கம்பத்தின் அடியில் நின்றோம். இரண்டு வாரமாக அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேகம் வந்து மூடியது. முற்றம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். நிழலென்று எதுவுமே இல்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போலாமா மேடம்?" என்றார். "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் திரும்பி நடக்கத் தொடங்கியபோது வெயில் விழுந்தது.

கம்பத்தின் நிழல் ஒரு பெரிய எட்டு நீளத்துக்குத் தரையில் கிடந்தது. கடலைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம்.

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கிழக்கைக் கையால் ஒரு தடவை காட்டிப் பார்த்துக்கொண்டார். "ஜனவரில?" என்றார்.

"வடக்கு சார். நானே பாத்தேன்."

"அப்ப ரெண்டும் சரி."

"ரெண்டும் சரி. நம்ம கேள்விதான் தப்பு. என்னைக்குன்னு நாம கேக்கவே இல்ல."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக் குடுங்க. எல்லாத்தையும். உங்க பேர்லயே" என்றார். உள்ளே போனோம். நான் எழுதியதன் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். நான் கேட்கவில்லை.

கேள்வியை ரத்து செய்தார்கள். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதற்கு மதிப்பெண் கிடைத்தது. அந்த வகுப்பின் முடிவு வெளியானது. ஆசிரியருக்கு ஒப்பந்தம் நீண்டது. என்னைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. பிஸ்கட் டப்பாவும் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் நான்கு சீட்டும் ஒத்துப்போனால் தலைவர் சே போன் சொல்லமாட்டார். என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அப்போதிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அதை உங்களிடம் விட்டுப் போகிறேன். சரியான விடையை உறுதி செய்வது பாதி வேலைதான். மற்ற மூன்று விடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இதை எழுதும் பிள்ளை எதைப் பார்த்து எழுதியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் நல்லது. 'இதைப் பார்த்திருக்கலாம்' என்று ஒன்று தோன்றிவிட்டால், அந்தக் கேள்வியை உங்கள் மேசையை விட்டு நகர விடாதீர்கள். நாம் ஐந்து நிமிடம் பார்க்கிற கேள்வியை ஒரு பிள்ளை இரண்டு வாரம் பார்த்திருக்கக்கூடும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நெல்லித்தோப்புக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அமுதா ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். உச்சிப் பொழுதில் அவளை முற்றத்துக்குக் கூட்டிப் போய், அதே துளையில் குச்சியை நட்டேன். நிழல் போன வருஷத்து நீலக் கோடுகளின் மேல் ஒட்டி வைத்ததுபோல் விழுந்தது.

"நீ எழுதினதுதாம்மா சரி. டீச்சர்தான் தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே பரீட்சைல வந்தா எத எழுதணும் டீச்சர்?"

"நீ கண்ணால பாத்தத எழுது" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அவள் கால் கட்டைவிரலால் நீலக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போனவாட்டியும் அதத்தான எழுதுனோம்" என்றாள்.